கார் விற்பனையகங்களில் நடக்கும் ஏமாற்று: வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதிய காரோ பயன்படுத்திய காரோ வாங்கப் போய், கசப்போடு திரும்பியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. நாட்டுக்கு நாடு சட்டமும் நடைமுறையும் வேறுபட்டாலும், ஏமாற்றும் முறைகள் வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. மொத்தத் தொகையைத் துண்டு துண்டாக்கித் தனித்தனியாகப் பேசுவதும், வாயால் சொன்னதை எழுத்தில் தராமல் தவிர்ப்பதும்தான் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. கீழே உள்ள விடைகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும்.

அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டேன் என்பதாலேயே நான் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்ல முடியுமா?

முடியாது. அதே காரை உங்கள் நண்பர் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கலாம். அது பேரத்தின் விளைவு. தன் பொருளுக்கு அதிக விலை கேட்க விற்பவருக்கு உரிமை உண்டு. மறுத்துவிட்டு எழுந்து போக உங்களுக்கும் உரிமை உண்டு. அந்த மறுப்பைச் சொல்லத் தேவையான உண்மை உங்களிடமிருந்து மறைக்கப்பட்டால்தான் அது ஏமாற்று. இல்லாத தள்ளுபடியை இருப்பதாகச் சொல்வது, விபத்தில் சிக்கிய வண்டியை அடிபடாத வண்டி என்று விற்பது, விருப்பத்தின்பேரில் எடுக்க வேண்டிய ஒன்றைக் கட்டாயம் என்று கூறுவது, நீங்கள் கேட்காத பொருளை ரசீதில் சேர்ப்பது ஆகியவை இந்த வகையில் அடங்கும். புகார் செய்ய நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘விலை அதிகம்’ என்ற முறையீட்டை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ‘இன்ன நாளில் இன்ன செய்தியைப் பொய்யாகச் சொன்னார்கள், அதை நம்பி நான் பணம் கட்டினேன்’ என்ற முறையீட்டுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நன்றாகப் படித்தவர்களும் கணக்கில் கெட்டிக்காரர்களும் எப்படி ஏமாறுகிறார்கள்?

இந்தக் கேள்வியில் ஓர் அவமான உணர்வு ஒளிந்திருப்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அதற்கு இடமே இல்லை. ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை தடவை கார் வாங்குகிறார் என்பதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதிரில் அமர்ந்திருப்பவரோ அதே பேச்சை நாள்தோறும் பேசிப் பழகியவர். வண்டியின் அடக்க விலை, கடன் தரும் நிறுவனத்திடமிருந்து கிடைக்கும் கழிவு (கமிஷன்), மாத இறுதி இலக்கு, வண்டி எத்தனை நாளாகக் கிடங்கில் நிற்கிறது என்பவை எல்லாம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில், பயன்படுத்திய கார்களின் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து, விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல பொருளே சந்தையிலிருந்து விலகிவிடக்கூடும் என்று நிறுவினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கார் விற்பனையில் உள்ள இந்தச் சமனின்மை தனிமனிதரின் அறிவுக்குறைவால் வருவதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கமும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் சிக்காகோ பகுதியில் புதிய கார் விற்பனையகங்களுக்கு ஒரே மாதிரியான பேரப் பேச்சைப் பயின்ற சோதனையாளர்களை இருவர் இருவராக அனுப்பி நடத்தி, 1995இல் வெளியான ஆய்வு ஒன்று, வெள்ளை இன ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலையைவிடக் கறுப்பினத்தவர்க்கும் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டதைக் காட்டியது. பேச்சு ஒன்றுதான், விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது.

இத்துடன் களைப்பும் சேர்கிறது. பேரம் பல மணி நேரம் இழுக்கப்படும்போது, குழந்தைகள் சிணுங்கத் தொடங்கும்போது, ‘எப்படியாவது முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும்’ என்ற நிலை வருகிறது. மிகவும் சிக்கலான தாள்கள் அந்த நேரத்தில்தான் மேசைக்கு வருகின்றன.

விளம்பரத்தில் பார்த்த வண்டியைக் கேட்டுப் போனால், ‘இப்போதுதான் விற்றுப் போயிற்று’ என்கிறார்களே?

ஒரு முறை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் விற்றதாகச் சொல்லப்பட்ட வண்டி அடுத்த வாரமும் அதே விலையில் விளம்பரத்தில் இருந்தால், அது உங்களை உள்ளே வரவழைக்க வைத்த தூண்டில்தான். புறப்படும் முன்பே, இன்ன வண்டி, இன்ன விலை, இன்னும் விற்பனைக்கு இருக்கிறதா என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுத்தில் பதில் தரத் தயங்கும் இடத்துக்கு நீங்கள் நேரில் போக வேண்டிய தேவையே இல்லை.

விளம்பர விலை, எல்லோருக்கும் கிடைக்காத தள்ளுபடிகளை ஒன்றாகக் கூட்டிக் கழித்த விலையாகவும் இருக்கக்கூடும். பழைய வண்டியை மாற்றுவோருக்கு ஒன்று, குறிப்பிட்ட பணியில் இருப்போருக்கு ஒன்று, அவர்கள் மூலமே கடன் எடுப்போருக்கு ஒன்று என்று பல சலுகைகள் சிறிய எழுத்தில் இருக்கும். அத்தனை தகுதியும் ஒரே ஆளிடம் பொருந்துவது அரிது. அமெரிக்காவில் புதிய கார்களின் கண்ணாடியில் விலை விவரத்தை ஒட்டியாக வேண்டும் என்று 1958இல் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே அந்த ஒட்டுத்தாள் இன்றும் அழைக்கப்படுகிறது. வாய்க்கு வந்தபடி விலை சொல்லும் பழக்கத்தைத் தடுக்கச் சட்டமே தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வண்டியின் விலையைக் கேட்டால், ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள். இதில் என்ன தவறு?

கேள்வி பரிவாகத் தோன்றும். ஆனால் அதற்கு நீங்கள் ஒரு தொகையைச் சொன்ன நொடியிலிருந்து பேச்சு வண்டியின் விலையைப் பற்றியதாக இருக்காது. தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையையும் நீங்கள் சொன்ன மாதத் தொகைக்குள் அடக்கிவிடலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். எந்த நாணயமாக இருந்தாலும் கடன் 10,00,000 என்றும், குறையும் நிலுவையின்மீது, அதாவது இன்னும் அடைக்க வேண்டிய அசலுக்கு மட்டும், ஆண்டு வட்டி 10% என்றும் வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 21,247; மொத்த வட்டி சுமார் 2,74,800. அதே கடனை 7 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை சுமார் 16,600 ஆகக் குறையும்; மொத்த வட்டியோ சுமார் 3,94,500 ஆகிவிடும். மாதம் 4,600 குறைந்தது என்று மகிழ்ந்து வருபவர், முடிவில் ஏறத்தாழ 1,20,000 கூடுதலாகக் கட்டுகிறார். அது மட்டுமன்றி, காரின் மதிப்பு வேகமாகக் குறையும், கடனோ மெதுவாகவே குறையும். எனவே 3 அல்லது 4 ஆண்டுகள் கழித்து வண்டியை விற்க நினைத்தால், விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம். அப்போது மிச்சக் கடனை அடுத்த வண்டியின் கடனோடு சேர்த்துத் தருகிறோம் என்று அதே விற்பனையகம் முன்வரும். அதைப் பெரிய உதவியாக எண்ணி ஏற்றுக்கொண்டவர்கள் விற்றுவிட்ட வண்டிக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே மாதத் தொகையைச் சொல்லாதீர்கள். ‘முதலில் வரி, பதிவு, காப்பீடு அனைத்தும் சேர்ந்து வண்டி சாலைக்கு வரும்போது ஆகும் மொத்த விலையை எழுதித் தாருங்கள், பணம் எப்படிக் கட்டுவேன் என்பதைப் பிறகு பேசலாம்’ என்று சொல்லுங்கள். இதே விடையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்லலாம். அது மரியாதைக்குறைவு ஆகாது.

‘வட்டி வெறும் 6%தான்’ என்றார்கள்; வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் பொருந்தவில்லை. ஏன்?

அவர்கள் சொன்னது நிலையான வட்டியாக இருக்கலாம். நீங்கள் மாதந்தோறும் அசலைத் திருப்பிக் கட்டிவந்தாலும், கடைசி மாதம்வரை முழுத் தொகைக்கும் வட்டி போடுவது இந்த முறை. மேலே சொன்ன 10,00,000 கடனுக்கு 6% நிலையான வட்டி என்றால் 5 ஆண்டுக்கு வட்டி 3,00,000. மாதத் தவணை சுமார் 21,667. குறையும் நிலுவைமீது 10% வட்டி போட்டபோது வந்த தவணை 21,247தானே? 6% என்று அழகாகச் சொல்லப்பட்ட கடன், 10% கடனைவிட விலை கூடியது. இரண்டு வட்டி வீதங்களை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவைதானா என்று கேளுங்கள். அதைவிட எளிய வழி, கடைசித் தவணைவரை கட்டப்போகும் மொத்தத் தொகையைக் கேட்டு அதை ஒப்பிடுவது.

வட்டியே இல்லை என்ற அறிவிப்புக்கும் இதுவே பொருந்தும். முழுப்பணம் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். வட்டியில்லாக் கடனை எடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடையாது என்றால், நீங்கள் இழக்கும் தள்ளுபடிதான் அந்தக் கடனின் வட்டி.

கடனை விற்பனையகம் மூலமாகவே எடுக்கலாமா?

எடுக்கலாம்; சில வேளைகளில் அது உண்மையிலேயே மலிவாக இருக்கும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. கடன் தரும் நிறுவனம் உங்களுக்கு 10% வட்டிக்கு ஒப்புதல் தந்திருக்கும்போது, விற்பனையகம் அதை 11% என்று எழுதி, வித்தியாசத்தில் ஒரு பங்கைத் தன் கழிவாக எடுத்துக்கொள்ள இடமளிக்கும் ஏற்பாடுகள் உலகின் பல பகுதிகளில் இருந்துவருகின்றன. அந்த ஒரு விழுக்காடு, மேலே கண்ட கடனில் 5 ஆண்டுக்குச் சுமார் 29,700 கூடுதல் சுமை. விற்பவரே வட்டியை உயர்த்தித் தன் கழிவையும் உயர்த்திக்கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டைப் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2021 ஜனவரியில் தடை செய்தது. உங்கள் நாட்டில் அப்படித் தடை இருக்கிறதோ இல்லையோ, விற்பனையகத்துக்குப் போகும் முன் உங்கள் வங்கியிடம் ஒரு கடன் ஒப்புதலை வாங்கி வைத்துக்கொண்டால், ஒப்பிட ஓர் அளவுகோல் கையில் இருக்கும்.

விற்பனையாளர் அடிக்கடி எழுந்து போய், மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்கிறாரே?

சில சமயம் உண்மையாகவே கேட்கப் போகிறார். பெரும்பாலும் உங்களைக் காத்திருக்க வைப்பதும், உங்கள் தரப்பில் நின்று மேலிடத்தோடு அவர் போராடுவதுபோன்ற தோற்றத்தைத் தருவதுமே அதன் பயன். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்பதும் அதே வகைதான். இன்று கிடைக்கும் விலை நாளை கிடைக்காது என்றால், அதை எழுதி, எந்தத் தேதிவரை செல்லும் என்றும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

என் பழைய வண்டிக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல விலை தந்தார்கள். இதிலும் ஏமாற்று இருக்க முடியுமா?

பழைய வண்டிக்குக் கூட்டித் தந்ததைப் புதிய வண்டியின் தள்ளுபடியில் குறைத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. இரண்டு பேரத்தையும் பிரித்து வையுங்கள். புதிய வண்டியின் இறுதி விலை எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அதற்குள் வெளியில் ஓரிருவரிடம் அதற்கு விலை கேட்டு வைத்திருங்கள்.

மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு, நீங்கள் கிளம்ப நினைக்கும்போது சாவி கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லித் தடுத்த நிகழ்வுகளைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைத் தந்திரம் என்று சொல்வதுகூட மென்மையான சொல்தான். உங்கள் உடைமையைக் கேட்டவுடன் திருப்பித் தராதவர்களோடு வணிகமே வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. பழைய வண்டியை ஒப்படைத்தாயிற்று என்று நீங்கள் மறந்துவிடுவீர்கள். பதிவேட்டில் அது உங்கள் பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றாமல் வேறொருவர் அதை ஓட்டி விபத்து நேர்ந்தால், அபராதமும் அறிவிப்பும் உங்கள் வாசலுக்கு வரும். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எவரிடம் ஒப்படைக்கப்பட்டது, பெயர் மாற்றத்துக்கு யார் பொறுப்பு என்பதை முத்திரையுடன் எழுதி வாங்குங்கள். பெயர் மாறியதற்கான சான்று கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள்.

காப்பீடு, பூச்சு, கூடுதல் உத்தரவாதம், துணைப்பொருட்கள் எல்லாவற்றையும் அங்கேயேதான் வாங்க வேண்டுமா?

வாடிக்கையாளர்கள் அதிகமாக இழக்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. வண்டி விலையில் பேரம் பேசிக் குறைத்ததை இந்தச் சிறு சிறு சேர்க்கைகளில் மீட்டுவிடுகிறார்கள். பெரிய விலைக்கு ஒப்புக்கொண்ட மனம், அதன் பக்கத்தில் வைக்கப்படும் சிறிய தொகையைச் சிறிதாகவே பார்க்கும். அதே தொகையைத் தனியாக ஒரு கடையில் கேட்டிருந்தால் நாம் ஆயிரம் கேள்வி கேட்டிருப்போம்.

காப்பீட்டை எடுத்துக்கொள்வோம். வண்டி சாலையில் ஓடக் காப்பீடு சட்டப்படி தேவை என்பது பெரும்பாலான நாடுகளில் உண்மை. அந்தக் காப்பீட்டை அந்த விற்பனையகத்திடமிருந்தே எடுக்க வேண்டும் என்பது வேறு செய்தி. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதையும் நம்பவைப்பது வழக்கமான உத்தி. ‘வெளியில் எடுத்தால் உத்தரவாதம் செல்லாது’ என்று சொன்னால், உத்தரவாதப் புத்தகத்தில் அப்படி எங்கே அச்சிட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பையும் உதிரிபாகங்களையும் தம்மிடமே வாங்கினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று நிபந்தனை போடுவதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டத்திலேயே, அவற்றை இலவசமாகத் தந்தாலன்றி, பொதுவாகத் தடுத்திருக்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் எப்படி இருந்தாலும், அச்சில் இல்லாத நிபந்தனை உங்களைக் கட்டாது.

கூடுதல் உத்தரவாதம் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. நெடுநாள் ஒரே வண்டியை வைத்திருப்பவருக்கு அது பயன்படலாம். ஆனால் அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். தயாரிப்பாளரே தரும் உத்தரவாதக் காலத்தோடு சேர்ந்து ஓடினால், முதல் சில ஆண்டுகளுக்கு நீங்கள் கட்டிய பணம் வீண். தேய்மானப் பாகங்கள் விலக்கு, குறித்த நாளில் சர்வீஸ் செய்யாவிட்டால் ரத்து என்பன போன்ற விலக்குகளை முழுமையாகப் படியுங்கள். பொறுப்பேற்பவர் தயாரிப்பாளரா, பெயர் தெரியாத மூன்றாம் நிறுவனமா என்பதையும் கேளுங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் பூச்சு, வண்ணம் மங்காமல் இருக்கப் பூச்சு, இருக்கைத் துணிக்கு ஒரு தெளிப்பு என்று வருபவற்றுக்கு நான் பணம் செலவிட மாட்டேன். இன்றைய கார்களின் உடற்பகுதி தொழிற்சாலையிலேயே துரு எதிர்ப்புப் பூச்சு பெற்றே வருகிறது. ‘ஏற்கெனவே போட்டுவிட்டோம், இனி நீக்க முடியாது’ என்பார்கள். நீங்கள் கேட்காமல் போட்டதற்கு நீங்கள் எப்படிக் கடனாளி ஆவீர்கள்? வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை இலவசமாக விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். ‘கையாளும் கட்டணம்’, ‘ஆவணக் கட்டணம்’, ‘வசதிக் கட்டணம்’ என்ற பெயர்களில் வரும் தொகைகளையும் இப்படியே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அரசுக்குப் போகும் பணத்துக்கு அரசின் ரசீது இருக்கும். அது இல்லாத கட்டணம் விற்பனையகத்துக்குப் போகிறது. அதைப் பேரம் பேசலாம்.

முன்பணம் கட்டியபின் மனம் மாறினால் திரும்பக் கிடைக்குமா?

நீங்கள் கட்டியபோது பெற்ற ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ‘எப்போது வேண்டுமானாலும் முழுதாகத் திருப்பித் தருவோம்’ என்று வாயால் சொன்னவர், ரசீதின் பின்புறத்தில் அதற்கு நேர்மாறாக அச்சிட்டிருப்பார். பணம் கட்டும் முன், எந்த மாடல், எந்த வகை, எந்த நிறம், எந்த விலை, எந்தத் தேதிக்குள் டெலிவரி, தாமதமானால் என்ன, ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம் என்பவற்றை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். டெலிவரி நாளில் விலை ஏறியிருந்தால் புதிய விலையே பொருந்தும் என்ற வரி பல படிவங்களில் இருக்கும். அதன்படி, விற்பவர் வேண்டுமென்றே தாமதித்தாலும் சுமை உங்கள் மேல்தான் விழும். ரொக்கமாகக் கட்டாமல், தடயம் இருக்கும் வழியில் கட்டுங்கள்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் ஆன பிறகு, ‘கடன் அனுமதி கிடைக்கவில்லை, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்’ என்று அழைக்கிறார்கள். இது சரியா?

கடன் உறுதியாகும் முன்பே வண்டியைக் கையில் கொடுத்துவிடுவது, நீங்கள் அதோடு ஒட்டிக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது. அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டார்கள், பழைய வண்டியையும் ஒப்படைத்தாயிற்று. இந்த நிலையில் கூடுதல் வட்டிக்கு ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்று தோன்றும். பதற்றத்தில் கையெழுத்திடாதீர்கள். கடன் நிறுவனம் மறுத்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். முதல் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு நிபந்தனை உண்டா என்று படியுங்கள். புதிய நிபந்தனை பிடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து, முன்பணத்தையும் பழைய வண்டியையும் திரும்பக் கேட்கும் உரிமை உண்டா என்பதை ஒரு வழக்கறிஞரிடமோ நுகர்வோர் அமைப்பிடமோ கேட்டறிந்த பிறகே அங்கே போங்கள். கடன் உறுதியானதற்கான எழுத்துச் சான்று கிடைக்கும்வரை வண்டியை எடுக்காமல் இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

புதிய வண்டி என்று தந்தது உண்மையில் புதியதுதானா என்று எப்படி அறிவது?

சோதனை ஓட்டத்துக்கு வைத்திருந்த வண்டி, போக்குவரத்தில் அடிபட்டுச் சரிசெய்யப்பட்ட வண்டி, முந்தைய ஆண்டில் தயாராகிக் கிடங்கில் நின்ற வண்டி ஆகியவை புதியவை என்ற பெயரில் கை மாறுவதுண்டு. மழையிலோ இரவிலோ டெலிவரி எடுக்காதீர்கள். பதிவு செய்யும் முன்பே, நல்ல பகல் வெளிச்சத்தில், வண்டியைப் பார்க்க வேண்டும். பதிவான பிறகு மறுப்பது மிகவும் கடினம்.

ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் உண்டு. அது வண்டியின் உடலிலும் ரசீதிலும் காப்பீட்டிலும் ஒன்றாகவே இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்; 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வண்டி தயாரான மாதத்தைவிடப் பிந்திய டயர் புதிய வண்டியில் இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். கதவு, முன்மூடி ஆகியவற்றைப் பிடிக்கும் மரைகளில் வண்ணம் உரிந்திருந்தால், யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பயன்படுத்திய வண்டியில் எதை நம்புவது?

விற்பவரின் சொல்லைவிட வண்டியின் உடலை நம்புங்கள். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரைத் திருத்துவது பழைய குற்றம். அமெரிக்கா 1972இல் அதற்கு எதிராகக் கூட்டாட்சிச் சட்டம் இயற்றியது. ஆனாலும் பொய்யான தூரத்தைக் காட்டும் வண்டிகள் ஆண்டுக்கு 4,50,000க்கும் மேல் அங்கே விற்கப்படுவதாக அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. ஜெர்மனி 2005இல் இதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெல்ஜியத்தில், வண்டி பணிமனைக்கு வரும்போதெல்லாம் ஓடிய தூரத்தைப் பதிவு செய்து, விற்கும்போது அந்தப் பதிவைக் கட்டாயமாகத் தர வேண்டும் என்ற ஏற்பாடு 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது; எல்லா நாடுகளும் பின்பற்றத்தக்க வழி அது.

அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், சர்வீஸ் ரசீதுகளில் உள்ள தூரத்தைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். மிதிகட்டைகளின் ரப்பர் வழவழத்துப் போயிருக்க, ஸ்டியரிங் பளபளக்க, ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு நைந்திருக்க, மீட்டர் மட்டும் சிறிய எண்ணைக் காட்டினால் விலகிவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டறிய, இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்து நீர்க்கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்புக்கு அடியிலும் இருக்கை ஓடும் தண்டவாளத்திலும் சேறும் துருவும் தங்கியிருக்கும். விற்பனையகத்தோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அவரை வண்டியைத் தொட விட மாட்டோம் என்று சொன்னால், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

வெற்றுப் படிவங்களில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது?

போடாதீர்கள். ‘எல்லோரும் போடுகிறார்கள், நாங்கள் பிறகு நிரப்பிக்கொள்வோம்’ என்றால், நிரப்பிய பிறகு நானும் போடுகிறேன் என்று சொல்லுங்கள். கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் அங்கேயே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி 3 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார்களே?

இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது, பெரும்பாலும் தவறானது. அமெரிக்காவில், வீடு தேடி வந்து விற்பவர்களிடம் வாங்கியதை ரத்து செய்ய இடம் தரும் 3 நாள் விதி, விற்பனையகத்துக்கு நேரில் போய் வாங்கும் காருக்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை இணையம் போன்ற தொலைவழி விற்பனைக்கு உண்டு. நேரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பொதுவாக இல்லை. கையெழுத்துக்குப் பிறகு காப்பாற்றச் சட்டம் இருக்கும் என்று நம்பி அவசரப்படாதீர்கள். பொய் சொல்லி விற்றதை நிறுவ முடிந்தால் ஒப்பந்தத்தை முறிக்கவோ இழப்பீடு கேட்கவோ பெரும்பாலான சட்டங்கள் இடம் தருகின்றன. அது வேறு வழி, அதற்குச் சான்று வேண்டும்.

ஏமாந்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சான்றுகளைத் திரட்டுங்கள். விளம்பரத்தின் படம், விலைப்புள்ளி, ரசீதுகள், குறுஞ்செய்திகள், கையெழுத்திட்ட படிவங்கள் அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதை நினைவு மங்கும் முன் எழுதிவையுங்கள். விளம்பரம் ஒரே நாளில் மறைந்துவிடும் என்பதால் அதை உடனே சேமிப்பது முக்கியம்.

அடுத்து, விற்பனையகத்தின் பொது மேலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். கோபத்தை முழுவதும் ஒதுக்கிவிட்டு, சொல்லப்பட்டது என்ன, நடந்தது என்ன, உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்ன பரிகாரம் வேண்டும் என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். கடிதத்தின் நகலைக் கார் தயாரிப்பு நிறுவனத்துக்கும், கடன் தொடர்பானது என்றால் கடன் தந்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். விற்பனையகம் பெரும்பாலும் தனி முதலாளியின் நிறுவனம். தயாரிப்பாளர் தரும் முகவாண்மையை இழக்க அது விரும்பாது. பதில் வராவிட்டாலோ மழுப்பலான பதில் வந்தாலோ, உங்கள் நாட்டின் நுகர்வோர் நீதிமன்றத்தையோ நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரியையோ நாடுங்கள். முறையிடக் காலவரம்பு உண்டு என்பதால், ‘பார்க்கலாம்’ என்று அவர்கள் மாதக்கணக்கில் இழுப்பதற்கு இடம் தராதீர்கள். இதற்கிடையில் கோபத்தில் கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அவர்களே சமரசத்துக்கு வந்து ஒரு தொகை தருவதாகச் சொன்னால்?

நியாயமான தொகை என்றால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. வழக்கு நடத்தும் காலமும் அலைச்சலும் பெரியவை. ஆனால் பணத்தோடு ஒரு தாளும் வரும். ‘இந்த வண்டி தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் முடிந்தன’ என்று அதில் இருந்தால், நாளை வேறொரு மறைக்கப்பட்ட குறை வெளிப்பட்டாலும் நீங்கள் கேட்க முடியாமல் போகலாம். நீங்கள் எழுப்பிய குறையை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது மட்டுமே தீர்ந்ததாக எழுதச் சொல்லுங்கள். இதைப் பற்றி எவரிடமும் பேசக் கூடாது என்ற நிபந்தனையும் சில தாள்களில் இருக்கும். அதை அடித்துவிட்டுத் தரக் கேளுங்கள். ‘இலவச சர்வீஸ் தருகிறோம்’ என்பதைவிடப் பணமாகத் திருப்பித் தருவதையே கேளுங்கள். அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே புகாரைத் திரும்பப் பெறுங்கள்.